அம்மன் பதக்கத்தின் ஐந்தாவது கல்

என் கோபக்கார அம்மாவுக்கு,

உன் மகள் மலர் எழுதுகிறேன். நல்ல சேதிதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் உனக்கு ஆகாது. "வெசயத்தச் சொல்லுடி" என்று பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாய். அம்மன் பதக்கத்தில் இருக்கும் ஐந்தாவது கல் கண்ணாடி இல்லை. அதை யாரும் மாற்றவும் இல்லை. இதைக் கோயில் வாசலில், பங்காளிகள் அத்தனை பேரும் கேட்க, பெரியப்பாவே தன் வாயால் சொன்னார்.

இப்போதாவது உட்கார்ந்து முழுதும் கேட்பாயா?

இந்தக் கடிதத்தைப் படிக்கப் போகிற மற்றவர்களுக்கு நம் கதை தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள். நமக்கு ஊர் முதுகுளத்தூர் பக்கம். குலதெய்வம் மட்டும் உச்சிப்புளியைத் தாண்டி, கடலோரத்துப் பனங்காட்டு மணலில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போய் அவள் ஏன் உட்கார்ந்தாள் என்று யாருக்கும் தெரியாது. வருடம் முழுக்க அங்கே காற்றும் ஆடுகளும்தான். மாசி மாதம் சிவராத்திரிக்கு மட்டும் பங்காளி வீட்டார் எல்லாரும் வேன் பிடித்துப் போய்ப் பொங்கல் வைப்போம்.

அம்மனின் நகைகளை ஒரே வீட்டில் வைக்கக் கூடாது என்பது நம் ஆட்களின் ஏற்பாடு. பதக்கம் உள்ள சாமிப் பெட்டி நம் வீட்டில் இருந்தது. தோடு இரண்டும் அய்யாவின் அண்ணன், அதாவது பெரியப்பா வீட்டு இரும்புப் பெட்டியில். அந்தப் பெட்டிச் சாவி பெரியம்மாவின் தாலிக்கயிற்றோடு தொங்கும். தோடு நம் வீட்டுப் படி ஏறியதே கிடையாது. இதை எல்லாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பதக்கத்தில் ஐந்து கற்கள், ஐந்தும் ரோஜா நிறம். நாம் எல்லாவற்றையும் கெம்பு என்றுதான் சொல்வோம். நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு சிவராத்திரிக்கு, உண்டியல் எண்ணுவதற்காகக் கள்ளநோட்டுப் பார்க்கும் நீல விளக்கு ஒன்று புதிதாக வாங்கி வைத்திருந்தார்கள். எண்ணி முடித்த பிறகு பெரியப்பா விளையாட்டாகப் பதக்கத்தை அதன் அடியில் காட்டினார். நான்கு கற்கள் அடுப்புக் கங்கு போலச் சிவந்து எரிந்தன. ஐந்தாவது கல் இருட்டாகக் கிடந்தது.

நோட்டில் கோடு தெரியாவிட்டால் கள்ளநோட்டு, கல்லில் வெளிச்சம் தெரியாவிட்டால் கள்ளக்கல். அவ்வளவுதான், பேச்சு கிளம்பிவிட்டது. பெட்டி யார் வீட்டில் இருக்கிறது? நம் வீட்டில். நம் வீட்டில் யாருக்கு நகைக்கடைத் தொடர்பு? உனக்கு. உன் தம்பி, என் மாமா, பரமக்குடியில் ஒரு நகைக்கடையில் வேலை பார்த்தார். பொங்கல் பானை இறங்குவதற்குள் நீ கல்லைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைப் பதித்ததாக முடிவே கட்டிவிட்டார்கள்.

உன்னைக் கூப்பிட்டு நிறுத்தியது எனக்கு இப்போதும் கண்ணில் இருக்கிறது. தட்டில் சூடத்தை ஏற்றினார்கள். அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் விட்டுவிடுவது நம் ஆட்களின் வழக்கம். பெரியப்பா கடுமையாகக்கூடப் பேசவில்லை.

"சூடத்த அணச்சுட்டுப் போயிருத்தா. பேச்சு இத்தோட முடிஞ்சிரும்" என்றார்.

நீ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றாய். "களவாண்டவ பண்ணட்டும் சத்தியம். நான் எதுக்குப் பண்ணணும்? அம்மனுக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரியலன்னா அது ஒங்க பாடு" என்றாய். பிறகு அவ்வளவு பேரையும் விட்டுவிட்டுப் பொங்கல் பானைக்குத் திரும்பிப் போனாய், அடி பிடித்துவிடும் என்று. அய்யாவிடம் கேட்டார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அவள் சொன்னதுதான் தனக்கும் என்று சொல்லிவிட்டு உன் பின்னாலேயே வந்தார். அய்யா தன் வாழ்க்கையில் பேசிய பெரிய பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

சத்தியம் செய்யாதவள் குற்றவாளி என்றானது. சாமிப் பெட்டி நம் வீட்டை விட்டுப் கோயில் பூசாரியாக இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போனது. மாமா நம் ஊர்ப்பக்கம் வருவதையே விட்டுவிட்டார். நீ மட்டும் எதையும் விடவில்லை. ஒவ்வொரு சிவராத்திரிக்கும் முதல் வேனில் ஏறினாய். உன் பொங்கலை அம்மன் முன்னால் கடைசியாகத்தான் வைப்பார்கள். வைக்கட்டும் என்று நின்றாய். குலவை போடும்போது உன் சத்தம்தான் மேலே கேட்கும். பக்கத்தில் நிற்க எனக்கே கூச்சமாகவும் பெருமையாகவும் இருக்கும், இரண்டும் சேர்ந்து.

ஒருநாள் மிளகாய் பறித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன், ஒரு சூடம்தானே, அணைத்துவிட்டு வந்திருக்கலாமே என்று. நீ நிமிராமலே சொன்னாய்: "பண்ணியிருந்தா, சத்தியம் பண்ணுனதாலதான் நான் நல்லவன்னு ஆயிருக்கும்." அதோடு அடுத்த செடிக்குப் போய்விட்டாய். அதன் முழு அர்த்தம் புரிய எனக்கு ரொம்பக் காலம் ஆயிற்று.

உனக்காகத்தான் இயற்பியல் படித்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அது பொய். ராமநாதபுரத்தில் அந்தப் பாடத்தில்தான் இடம் கிடைத்தது, நீயும்தான் கூட வந்து வரிசையில் நின்றாய். ஆனால் படிப்பு முடித்து வேலை தேடியபோது, மதுரையில் ரத்தினக்கல் சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆள் தேவை என்று பார்த்ததும் வேறு எதற்கும் நான் எழுதிப் போடவில்லை. அது மட்டும் உனக்காகத்தான். முதல் சம்பளத்தில் வாங்கிய புடவையோடு நான் வந்தபோது, என்ன வேலை என்று நீ கேட்டாய். ஒரே மாதிரி இருக்கும் கற்களில் எது எது என்று சொல்லும் வேலை என்றேன். புடவையை மடித்துக்கொண்டே, "நல்லாப் பாத்துச் சொல்லு" என்றாய். அந்தக் கல்லைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதற்கடுத்த கோடையில் உனக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கக் கூடாதா?

ஆய்வுக்கூடத்தில் எங்களை ரொம்பப் படுத்துவது இந்த ரோஜா நிறக் கற்கள்தான் அம்மா. கீழக்கரைக் கல் வியாபாரிகள் ஒரு தாளைப் பிரித்துக் கொட்டுவார்கள். எல்லாம் ஒரே நிறமாக இருக்கும். அதில் ஒன்று மாணிக்கத்தின் வகை, ஒன்று ஸ்பைனல், ஒன்று கார்னெட், ஒன்று டூர்மலின், ஒன்று வெறும் கண்ணாடி. எத்தனை வருடம் பழகிய கண்ணும் அங்கே தடுமாறும். கண்ணை நம்பிச் சொல்லக் கூடாது என்பதுதான் எங்களுக்கு முதல் பாடம்.

அதற்குத்தான் நிறமாலைக் கருவி. ஒரு மெல்லிய ஒளியைக் கல்லுக்குள் அனுப்புவோம். கல் அதை அப்படியே திருப்பித் தராது. தன் உள்கட்டு எப்படியோ அப்படிக் கொஞ்சம் மாற்றித்தான் தரும். திரும்பி வரும் அந்த ஒளியைக் கருவி மேடும் பள்ளமுமாகக் கோடு போட்டுக் காட்டும். ஸ்பைனல் என்றால் சிவப்புப் பகுதியில் நெருக்கமாகப் பல முனைகள் எழும்பும். மாணிக்கம் என்றால் இரட்டை முனை. கார்னெட்டுக்கு வேறு இடங்களில் வேறு முனைகள். கண்ணாடிக்குக் கூர்மையே இருக்காது, மொத்தையாக மேடு தட்டிக் கிடக்கும். பிடிக்கிற கை யாருடையது என்று கோட்டுக்குத் தெரியாது.

இந்தச் சிவராத்திரிக்குக் கொஞ்ச நாள் முன்னால் பெரியப்பாவிடமிருந்து போன் வந்தது. உன் காரியத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசுவது அதுதான் முதல் தடவை.

"மலரு, பதக்கத்துல கொக்கி விட்டுப்போச்சுத்தா. ஆசாரிட்ட குடுக்கணும். அதுக்கு முன்னால நீ வந்து எந்தக் கல்லு என்னன்னு பாத்து எழுதிக் குடுத்துரு. நாளைக்கு ஒண்ணுன்னா பழி நம்ம மேல வந்துறக் கூடாதுல்ல."

கேட்டாயா அம்மா? பழி வந்துவிடக் கூடாதாம். போனை வைத்துவிட்டு ஆய்வுக்கூடத்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அத்தனையும் கோபம். முகம் கழுவிவிட்டு நானே திரும்பக் கூப்பிட்டேன். வருகிறேன், ஆனால் பதக்கத்தை மட்டும் பார்க்க மாட்டேன், தோட்டையும் சேர்த்துத்தான் பார்ப்பேன் என்றேன். தோடு பத்திரமாகத்தானே இருக்கிறது, அதற்கு எதற்குச் சோதனை என்று இழுத்தார். ஒரே கை செய்த நகை என்றால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பதுதான் எங்கள் முறை என்றேன். முறை என்றதும் ஒத்துக்கொண்டார். முறைக்கு நம் ஆட்கள் எப்போதும் கட்டுப்படுவார்கள்.

சிவராத்திரி அன்று காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டேன். எங்களிடம் இருக்கும் சின்னக் கருவி ஒரு டிபன் கேரியர் அளவுதான் இருக்கும், அதோடு ஒரு லேப்டாப். ஆய்வுக்கூடத்தில் அனுமதி வாங்கி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். நகை வைக்கும் அறைக்குள் வெளிச்சம் வரக் கூடாது, சன்னலை மூட வேண்டும் என்றேன். கறுப்புத் துணி கொண்டு போயிருந்தேன். சாமி நகைக்குக் கறுப்பா என்று பூசாரி சித்தப்பா பதறிவிட்டார். கடைசியில் பெரியம்மா வேனில் விரித்திருந்த சிவப்பு ஜமுக்காளத்தை எடுத்து வந்து தானே கட்டிவிட்டாள். பெரியம்மா உன் வயசுதானே. நான்கு மூலையையும் இறுக்கிக் கட்டினாள்.

அடுத்தது, பொம்பளைப் பிள்ளை சாமி நகையைத் தொடலாமா என்ற கேள்வி. அதை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். "நான் தொடல சித்தப்பா. நீங்களே புடிங்க. வெளிச்சம் மட்டும்தான் தொடும்" என்றேன். நீ இருந்திருந்தால் இந்த இடத்தில் சண்டைக்குப் போயிருப்பாய். எனக்கு அன்றைக்கு வேறு சண்டை இருந்தது.

பூசாரி சித்தப்பா ஒவ்வொரு கல்லாகக் கருவியின் முனையில் காட்டக் காட்ட, திரையில் கோடு எழும்பியது. முதல் நான்கும் ஸ்பைனல். சந்தேகமே இல்லை, அத்தனை முனைகளும் அதனதன் இடத்தில் நின்றன. ஐந்தாவது கல் வந்தபோது திரையைப் பார்க்கவே பயந்தேன் அம்மா. உன்மேல் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. ஆனால் அது கண்ணாடியாக இருந்துவிட்டால்? வேறு யாரோ எந்தக் காலத்திலோ மாற்றியிருந்தால்கூட, அந்தப் பழி உன் தலையில்தானே நிரந்தரமாக உட்காரும்? நானே வந்து முத்திரை குத்திக் கொடுத்ததாகிவிடுமே.

அந்த நேரம் பார்த்துக் உச்சிப்புளித் தளத்துக் கடற்படை ஹெலிகாப்டர் ஒன்று தலைக்கு மேலே தடதடவென்று போனது. பூசாரி சித்தப்பாவின் கை ஆடிவிட்டது. சத்தம் ஓயும்வரை எல்லாரும் காத்து நின்றோம். மறுபடியும் காட்டச் சொன்னேன். கோடு மெல்ல எழும்பியது. கூர்மையான முனைகள். கார்னெட். கண்ணாடி இல்லை, மண்ணில் பிறந்த கல்.

விளக்கில் அது ஏன் எரியவில்லை என்று பெரியப்பா கேட்டார். குரல் இறங்கியிருந்தது. ஸ்பைனலில் குரோமியம் என்று ஒன்று துளி கலந்திருக்கும், நீல விளக்கு பட்டால் அதுதான் சிவந்து எரியும் என்றேன். கார்னெட்டில் இரும்பு இருக்கிறது, இரும்பு அந்த ஒளியை அமுக்கிவிடும். எரிவதும் எரியாததும் கல்லின் சுபாவம், அதில் நல்லது கெட்டது கிடையாது. அடியில் வெள்ளித் தகடு வைத்து மூடிப் பதித்திருப்பதால் பகலில் ஐந்தும் ஒரே நிறமாகத் தெரிகின்றன.

அப்படியென்றால் கெம்பை எடுத்துவிட்டு இந்தக் கார்னெட்டை வைத்திருக்கலாம் இல்லையா என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. நியாயமான கேள்விதான். நான் தோட்டைக் கேட்டேன்.

பெரியம்மா மடியிலிருந்து துணி முடிப்போடு எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு தோட்டிலும் ஏழு கற்கள். பூசாரி சித்தப்பா காட்ட ஆரம்பித்தார். ஸ்பைனல், ஸ்பைனல், ஸ்பைனல். அடுத்தது கார்னெட். இன்னொரு தோட்டில் இரண்டு கார்னெட். கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினேன். கார்னெட்டில் இரும்பு கூடக் குறைய இருந்தால் முனைகள் கொஞ்சம் இடம் நகரும். இங்கே நகரவே இல்லை. பதக்கத்தின் ஐந்தாவது கல்லும், நம் வீட்டுப் படியே ஏறாத தோட்டின் மூன்று கற்களும் ஒரே இடத்தில் முனை காட்டின. அந்தக் காலத்தில் இதைச் செய்த ஆசாரி, ரோஜா நிறத்தில் தன் கையில் இருந்ததையெல்லாம் கண்ணால் பார்த்துச் சேர்த்துப் பதித்திருக்கிறார். அவருக்கும் எல்லாமே கெம்புதான்.

பெரியம்மா எழுந்து போய் அந்தப் பழைய நீல விளக்கைத் தேடி எடுத்து வந்தாள். தோட்டின் மேல் அதைப் பிடித்தாள். மூன்று கற்கள் இருட்டாகக் கிடந்தன. அவள் கழுத்துச் சாவியிலேயே காலமெல்லாம் கிடந்த தோடு அம்மா. அன்றைக்கே இதையும் விளக்கில் காட்டியிருந்தால் போதும். யாருக்கும் தோன்றவில்லை. நம் வீட்டில் இருந்த நகையை மட்டும்தானே விளக்கில் பிடித்தார்கள்?

எனக்கு அழுகை வரவில்லை, கத்தவும் தோன்றவில்லை. உன்னை நினைத்து நெஞ்சு நிமிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். இந்தக் கோடு எதுவும் இல்லாமலேயே இத்தனை வருடம் அப்படி நின்றாயே, எப்படி அம்மா நின்றாய்?

பெரியப்பா வெளியே போனார். நாங்களும் போனோம். வாசலில் அம்மனுக்கு எதிரே தட்டில் சூடத்தை வைத்து ஏற்றினார். தான் பேசியது தப்பு என்று அதை அணைத்துச் சத்தியம் செய்யப் போகிறார் என்று புரிந்தது. கையை நீட்டிவிட்டார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். பெரியப்பாவின் கையைப் பிடிப்பேன் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை.

"சூடம் வேணாம் பெரியப்பா. வாயால சொல்லுங்க, போதும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அய்யாவைப் பார்த்தார். "என் தம்பி பொண்டாட்டி எடுக்கல" என்றார். செருமிவிட்டு, பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார். "எடுக்கல. நாங்கதான் தப்பாப் பேசுனோம்."

அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அந்தச் சூடத்தை யாரும் அணைக்கவில்லை. காற்றுக்குப் பெரியம்மா முந்தானையால் மறைத்துக்கொண்டு நிற்க, அது பாட்டுக்கு எரிந்து தீர்ந்தது. பிறகு நான் பொங்கல் வைத்தேன். அதைத்தான் அம்மன் முன்னால் முதலில் வைத்தார்கள். குலவைக்கு என் சத்தம் உன் அளவுக்கு எழவில்லை. பழகிக்கொள்கிறேன்.

பரமக்குடிக்குப் போன் செய்து மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுதும் கேட்டார். அப்புறம், "ஒங்கம்மாட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார். அதனால்தான் அம்மா இந்தக் கடிதம்.

மற்றபடி அய்யா நன்றாக இருக்கிறார். முட்டிவலிதான். ரசம் வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார், உப்புத்தான் இன்னும் கைக்கு வரவில்லை. கொக்கியைச் சரிசெய்து பதக்கம் வந்துவிட்டது. கல்லில் ஒன்றையும் மாற்றச் சொல்லவில்லை. சாமிப் பெட்டி போன வெள்ளிக்கிழமை நம் வீட்டுக்குத் திரும்பி வந்தது. பூசாரி சித்தப்பா தலையிலிருந்து இறக்கியபோது அய்யாவிடம் நீட்டவில்லை, என்னிடம்தான் நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கி, நீ விளக்கேற்றும் மாடத்துக்குக் கீழே வைத்தேன்.

அடுத்த சிவராத்திரிக்குப் பெட்டி நம் வீட்டிலிருந்துதான் கிளம்பும். அய்யாவால் தூக்க முடியாவிட்டால் நான் தூக்குவேன். மாமாவை முதல் வேனில் என் பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டிப் போவேன். இனிமேல் நம் கோயில் வாசலில் எந்தப் பெண்ணையாவது நிறுத்திச் சூடத்தை அணைக்கச் சொன்னால், அவளுக்கு முன்னால் நான் போய் நிற்பேன். இது சத்தியம் இல்லை அம்மா. வாயால்தான் சொல்கிறேன். உனக்கு அது போதும் என்று எனக்குத் தெரியும்.

உன் நிமிர்ந்த முதுகை வாங்கிப் பிறந்த மகள்,
மலர்